திறன் என்று பெயர் வைப்பது யார்?



மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊரின் கூலி நிலவரம் தெரிந்துவிடும். பாஸ்புக்கை மெஷினில் சொருகி எடுத்துக் கொடுப்பதற்குள் கண் இரண்டு வரியைப் படித்துவிடுகிறது. யாருடைய கணக்கையும் வெளியே சொல்வது வேலைக்குத் துரோகம், அதைச் செய்யமாட்டேன். ஆனால் பத்து வருடம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர் என்று படித்துவிட்டு வேலைக்குப் போன நம் சேரிப் பையன்களின் பாஸ்புக்கில் சம்பளம் போடுகிற கம்பெனியின் பெயர் அடிக்கடி மாறுகிறது. தொகை மாறுவதில்லை. அவன் வேலை செய்கிற தொழிற்சாலையும் மாறுவதில்லை. காண்ட்ராக்டர் மட்டும்தான் மாறுகிறான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகன். பத்தாவது முடித்திருக்கிறான். "சித்தப்பா, ஐ.டி.ஐ. சேரட்டுமா? படிச்சா வேல கெடைக்குமா? எவ்ளோ குடுப்பாங்க?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அண்ணன், "படிச்சவன் நான் ஒருத்தன் இருக்கேனே, என்னப் பாத்தா தெரியலயா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அந்தப் பையன் கேட்ட மூன்று கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். நம் இதழ்களும் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. வன்கொடுமை பற்றி எழுதினோம், இலக்கியம் பற்றி எழுதினோம், கோயில் நுழைவு பற்றி எழுதினோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் ஸ்பானர் பிடிக்கிற கைக்கு என்ன கூலி, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம். அவனுக்கான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதாளச் சாக்கடைக்குள் பல வருடம் இறங்கியவர். மூடியைத் திறந்ததும் உள்ளே போய்விடமாட்டார். முன்னாலும் பின்னாலும் உள்ள மூடிகளையும் திறந்து போட்டுவிட்டு வெகுநேரம் காத்திருப்பார். பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். எங்களிடம் சொல்வார்: "அழுகுன முட்ட நாத்தம் வந்தா பயப்படாதடா. வந்துகிட்டிருந்த நாத்தம் திடீர்னு நின்னுபோச்சுன்னா பயப்படு. அப்பதான் சாவு பக்கத்துல நிக்குது."

பிறகு நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் இருக்கும்போது மூக்குக்குத் தெரியும், அளவு ஏறிவிட்டால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வேதியியல் புத்தகத்தில் நான் படித்ததை எங்கப்பா கூட வேலை செய்தவர்களின் பிணங்களிலிருந்து கற்றுக்கொண்டார். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்களும் அப்படித்தான் கற்றார்கள்.

இது திறன் இல்லையா? இல்லை என்கிறது அரசாங்கம்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்புகளில் உழைப்பாளிகளைத் திறனற்றவர், பாதித் திறன் பெற்றவர், திறன் பெற்றவர், மிகு திறன் பெற்றவர் என்று பிரித்து வைத்தார்கள். 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே நான்கு பெயர்களை எடுத்துக்கொண்டது. மத்திய அரசின் எல்லைக்குள் வரும் வேலைகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அறிவித்த நாள் கூலியைப் பாருங்கள். பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதியில் திறனற்றவருக்கு 783 ரூபாய். பாதித் திறன் பெற்றவருக்கு 868. திறன் பெற்றவருக்கு 954. மிகு திறன் பெற்றவருக்கு 1,035. சிறிய ஊர்களில் தொகை குறையும், வரிசை மாறாது.

யார் யார் எந்த வரியில் என்று பாருங்கள். கூட்டுவது, துப்புரவு செய்வது, சுமை ஏற்றி இறக்குவது — திறனற்றது. ஆயுதம் இல்லாமல் வாசலில் காவல் நிற்பது — திறன் பெற்றது. இன்னொரு வேலையும் திறன் பெற்ற வரியில் இருக்கிறது. எழுத்தர் வேலை. அதாவது, தோழர்களே, என் வேலை!

கவுண்டரில் உட்கார்ந்து சலான் வாங்கி, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டி, முத்திரை குத்துகிறேன். ஒரு ஆள் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் தப்புச் செய்தால் கணக்கு உதைக்கும், சாயங்காலம் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். எங்கப்பா தப்புச் செய்திருந்தால் நாங்கள் அப்பா இல்லாத பிள்ளைகள். ஆனால் அட்டவணைப்படி நான் திறன் உள்ளவன், துப்புரவுக்காரர் திறன் அற்றவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு 171 ரூபாய். இந்த 171 ரூபாய் எதற்கு? பேனா பிடிக்கிற கைக்கும் துடைப்பம் பிடிக்கிற கைக்கும் மனு வைத்த வித்தியாசத்துக்கு, என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சரியான தீர்ப்புதான். அதற்காகப் போராடிய தோழர்களை வணங்குகிறேன். ஆனால் செத்தால் 30 லட்சம் பெறுமானமுள்ள மனிதன், உயிரோடு துடைப்பத்தைப் பிடித்து நிற்கும்போது 'திறனற்ற' வரியில் இருக்கிறானே, இதை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் சம்பளம் அந்த அட்டவணைப்படி வருவதில்லை, அதைவிட அதிகம். என் திறனைப் பார்த்து யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. வங்கி ஊழியர்கள் சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் போட வைத்தார்கள். 2024 மார்ச்சில் 12ஆவது ஒப்பந்தம் கையெழுத்தானது. நான் சேர்வதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ தெருவில் நின்ற கூலியை நான் வாங்குகிறேன். அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்துக்குள் எங்கள் கிளையைக் கூட்டிப் பெருக்குகிற காண்ட்ராக்ட் அக்கா இல்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, கூலி என்பது திறனுக்குக் கிடைக்கிற விலை மட்டுமல்ல. வேலைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், செய்கிறவனுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் — இந்த இரண்டும் சேர்ந்துதான் கூலி.

இனி அண்ணன் கதை. இருபது வருடத்துக்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தார், இரண்டு வருடப் படிப்பு. முதல் மாதங்கள் முழுக்க அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, நான்கு பக்கமும் செங்கோணம் வரும்வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, காய்ச்சுப் போகும். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கத் தெரியும் அண்ணனுக்கு. ஆனால் லேத் பக்கம் போக முறை வரும்போதெல்லாம் வாத்தியார், "உனக்கெதுக்குடா இப்ப, அந்த சிப்ஸைக் கூட்டி அள்ளு" என்பாராம். எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. பட்டறைக்குள்ளும் ஒரு ஊரும் சேரியும் இருந்தன. மெஷின் இருந்த பக்கம் ஊர், குப்பை விழுந்த பக்கம் சேரி.

அதற்குப் பிறகு ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதன்படி அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்லன். தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவனைச் சேராது. அவனுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. 2019ஆம் ஆண்டு விதிகளில் குறைந்தபட்சத் தொகையைப் படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000இலிருந்து 9,000 ரூபாய் வரை வைத்தார்கள். மேலே சொன்ன அட்டவணையில் 'திறனற்ற' கூலி 26 நாளைக்கு 20,358 ரூபாய் வருகிறது. ஆக, ஐ.டி.ஐ. முடித்து மெஷினில் நிற்கிற அப்ரண்டிஸுக்கு, திறனற்றவன் என்று எழுதிவைத்த கூலியில் பாதிகூட இல்லை. பயிற்சி முடிந்தால் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. 2014 திருத்தம், எடுப்பது பற்றி முதலாளியே கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது. ஒரு வருடம் முடிந்ததும் அண்ணனுக்குக் கைகுலுக்கிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அதே கேட் வழியாகக் காண்ட்ராக்ட் ஆளாகப் போனார். அதே மெஷின். பக்கத்தில் நிற்கிற நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சட்டை நிறம், இவருக்கு வேறு நிறம்.

அதே சட்டத்தில் 3-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறித்த தொழில்களில் பயிற்சி இடங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது. இது தனியார் தொழிற்சாலைக்கும் உண்டு. 'தனியார் துறையில் இடஒதுக்கீடு கொடு' என்று முழக்கமிடுகிற நம்மில் எத்தனை பேருக்கு, பயிற்சி இடத்தில் ஏற்கனவே அது சட்டமாக இருப்பது தெரியும்? எனக்கே போன வருடம்தான் தெரியும். 1995இல் உச்சநீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது: மற்றவை சமமாக இருந்தால், நேரடியாக வருகிறவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தரவேண்டும். கேட்காத உரிமை காகிதத்தில்தான் கிடக்கும்.

சொந்தமாகத் தொழில் செய்தால் தப்பிக்கலாமா? எங்கள் கிளைக்கு ஒரு பிளம்பர் தம்பி முத்ரா கடன் கேட்டு வந்தான். 50,000 ரூபாய்க்குள் வருகிற 'சிசு' கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. 2015இல் திட்டம் வந்ததிலிருந்து இதுதான் விதி. அவனிடம், "கையெழுத்துப் போட ஊர்ல யாரையாவது கூட்டிட்டு வாப்பா" என்றார்கள். நான் விதியை எடுத்துக் காட்டிய பிறகு பேச்சை மாற்றினார்கள். கடன் கிடைத்தது, த்ரெட்டிங் செட்டும் மெஷினும் வாங்கினான். ஆறு மாதம் கழித்து வந்தபோது, "வேல எப்படி இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "கக்கூஸ் அடைச்சிக்கிச்சின்னா மொத போன் எனக்குத்தாண்ணே. சமையக்கட்டு கொழாய்ன்னா வேற ஆளு."

ஒரே சான்றிதழ், ஒரே ஸ்பானர், ஒரே வீடு. இந்த அறைக்குத் திறன் போதும், அந்த அறைக்குச் சாதி வேண்டும். நல்ல காசு சமையலறையிலும் குளியலறையிலும் புதுக் குழாய் போடுவதில் இருக்கிறது. அடைப்பு எடுப்பதில் என்ன இருக்கிறது?

இது புதிய கதையல்ல. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் இதையே எடுத்துப் பேசினார். ரயில்வேயில் நம் ஆட்கள் தண்டவாளத்தில் கேங்மேன்களாகவே காலம் முழுக்கக் கிடந்தார்கள். போர்ட்டராகக்கூட வைக்கமாட்டார்கள். ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் கூப்பிடுவார், தீட்டாகிவிடும். பஞ்சாலையில் நல்ல கூலி நெசவுப் பிரிவில்தான், அங்கே நம்மை விடவில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து உறிஞ்சித்தான் நாடாவில் கோக்க வேண்டும், நம் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். பிளம்பர் தம்பி சொன்ன சமையலறைக் குழாயும் அந்த நாடாவும் வேறு வேறா? 1942இல் வைசிராயிடம் கொடுத்த மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கவேண்டும் என்றும் அண்ணல் கேட்டார். பட்டம் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்தும் 'தொழில்' என்ற பேச்சு வந்துகொண்டேதான் இருக்கிறது. 1953இல் ராஜாஜி, பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது, 1954இல் அது போனது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், பயிற்சியின்போது நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000, முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம், 5 சதவீத வட்டி. வங்கிக்காரனாகச் சொல்கிறேன், இது குறைந்த வட்டிதான். ஆனால் குடும்ப வழியாக வந்த தொழிலாக இருக்க வேண்டும் என்றார்கள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கக் கடன். அதனால்தான் இப்போதுள்ள வடிவில் ஏற்கமாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு கடிதம் எழுதியது, சாதியைப் பார்க்காத வேறு திட்டம் ஒன்றையும் அறிவித்தது. அப்பன் வேலையைச் செய்யக் கைகொடுப்பது உதவி மாதிரித்தான் தெரியும். யாருக்கும் இல்லாத வேலையை, யாருக்கும் தராத இடத்தை நம் பிள்ளைக்குத் திறந்துவிடுவதுதான் உதவி.

நமக்குள்ளேயும் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒரு பேச்சு, "கைத்தொழிலே வேணாம், எல்லாப் பிள்ளையும் டிகிரி படிச்சு ஆபீசுக்குப் போகட்டும்" என்பது. அந்த வலி எனக்குப் புரியும். என்னை அப்படித்தான் படிக்க வைத்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு விஷம் இருக்கிறது. கையால் செய்கிற வேலை கேவலம் என்று பார்ப்பனியம் சொன்னதை நாமும் ஒத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவது. நான் ஓடி வந்தவன்தான். மற்றொரு பேச்சு, பறையும் தோலும் நம் கலை, நம் பெருமை, விடவே கூடாது என்பது. பெருமைதான், யார் இல்லையென்றது? ஆனால் மேடையில் கைதட்டுகிறவன் சாவுக்கு அடிக்கக் கூப்பிடும்போது என்ன கூலி கொடுக்கிறான் என்று கேட்டுவிட்டுப் பெருமைப்படுவோம். வேலை கேவலமில்லை. அதை ஒரு சாதியின் தலையில் கட்டி, பிறகு திறனில்லை என்று கூலியைக் குறைப்பதுதான் கேவலம்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு பூட்டு. தையல், சுருக்கெழுத்து என்று இரண்டு கதவைக் காட்டிவிட்டு, வெல்டிங்கும் டர்னரும் உனக்கெதற்கு என்கிறார்கள். நம் வீட்டிலும் அதைத்தான் சொல்கிறோம். சித்தாளாகச் செங்கல் சுமக்கலாம், கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகக்கூடாது! வாழ்நாள் முழுக்கக் கட்டடத்திலேயே இருந்தும் எங்க அத்தை சித்தாளாகவே செத்துப்போனார். சுவர் கோணலாகப் போவதைக் கொத்தனாருக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்கிறவர் அவர்தான்.

சரி, என்ன செய்வது? என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். தோழர்கள் திருத்தி எழுதுங்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தோழர், பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி அலுவலகங்களுக்கும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும். 3-ஏ பிரிவின்படி எத்தனை இடம், எத்தனை பேரை எடுத்தீர்கள், முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று மூன்றே கேள்வி. பதில் வந்தால் இந்த இதழில் போடுவோம். வராவிட்டால் அதையும் போடுவோம்.

கூலி அட்டவணை மாற்ற அரசு கருத்துக் கேட்கும்போது முதலாளிகள் எழுதுகிறார்கள். நாமும் எழுதுவோம். துப்புரவு வேலையைத் திறனற்ற வரியிலிருந்து எடு. விஷவாயு, இயந்திரம், கழிவு பற்றிய அறிவு தேவைப்படுகிற வேலை அது. இயந்திரம் வாங்கினால் அதை ஓட்டுகிற பயிற்சியும் பதவியும் இதுவரை இறங்கியவர்களுக்கே முதலில் வரட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை கட்டாயமாக வரவேண்டாம்.

கிராமக் கிளைகளில் இருக்கிற நம் ஐ.டி.ஐ. பையன்களை ஒன்று சேர்ப்போம். பிளம்பர், எலக்ட்ரீசியன், கொத்தனார் எல்லோரும் சேர்ந்து ஒரே விலைப்பட்டியல் போடட்டும். சமையலறைக்கு வேண்டாம் என்கிற வீட்டின் கக்கூஸ் அடைப்புக்கும் யாரும் போகக்கூடாது. ஒருத்தன் சொன்னால் பட்டினி. பத்துப் பேர் சொன்னால் ஊர் யோசிக்கும்.

அண்ணன் மகனுக்கு: மகனே, சேரு. அப்பா படித்த அதே பிட்டர் படி, அல்லது உனக்குப் பிடித்ததைப் படி. வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும், முதலில் காண்ட்ராக்டாகத்தான் கிடைக்கும், பொய் சொல்லமாட்டேன். எவ்வளவு கொடுப்பார்கள் என்றால், நீ தனியாகப் போனால் அவர்கள் வைத்ததுதான். லேத் பக்கம் உன் முறை வரும்போது துடைப்பத்தைக் கொடுத்தால் வாங்காதே. எனக்குப் போன் பண்ணு, நானும் இரண்டு தோழர்களும் வந்து வாத்தியாரிடம் பேசுகிறோம்.

இதை எழுதி முடித்து எங்கப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் கேட்டார். பிறகு, "அந்த முட்ட நாத்தத்த எழுதிட்டியா, நல்லது. பத்து பசங்க தெரிஞ்சிக்கட்டும்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா எவனும் எறங்கக்கூடாது" என்றார்.

அவ்வளவுதான் தோழர்களே.

ஜெய்பீம்!